வீடுதோறும் பங்கிட்ட வாக்கு: யூதர் உடன்படிக்கையும் தோட்டத் தமிழரும்

(மலேசியாவின் பகாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். யூதர் வரலாற்றுக்கும் பகாவுக்கும் என்ன தொடர்பு? இந்த நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே பாலஸ்தீனத்தின் துயரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தத் துயரம் உண்மையானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச நான் வரவில்லை. உரையின் பிற்பகுதியில் அதற்கு வருவேன். இன்று நான் எடுத்துக்கொள்வது இஸ்ரேல் உருவான 1948-க்கு முந்தைய, ஏறக்குறைய 2,500 ஆண்டுக் கதை. நாடு இல்லை, அரசன் இல்லை, படை இல்லை, பெருங்கோயிலும் இரண்டு முறை எரிந்தது. அப்படியிருந்தும் ஒரு மக்கள்கூட்டம் தான் கொடுத்த வாக்கைக் கைவிடாமல் பாபிலோன் முதல் கொச்சி வரை தூக்கிச் சென்றது. அது எப்படி நடந்தது என்பதே என் கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கு அரசனிடமோ பூசாரியிடமோ மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய சிறுசிறு கடமைகளாக உடைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அதைப் பங்கிட்டார்கள். பங்கு நிறைவேறிய இடத்தில் மக்கள் நிலைத்தார்கள். பங்கைச் செய்ய ஆளில்லாத இடத்தில், யாரும் துரத்தாமலேயே கரைந்தார்கள். கடல் கடந்து வந்து, தோட்டத்தில் வேர்விட்டு, இப்போது தோட்டத்தையும் இழந்து பட்டணத்துக்கு நகர்ந்திருக்கும் நமக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

1. உடன்படிக்கை ஒரு கடன் பத்திரம்

சீனாய் மலையடிவாரத்தில் நடந்ததாக யூத மறை சொல்லும் உடன்படிக்கையைப் பலரும் சலுகைப் பத்திரமாகவே புரிந்துகொள்கிறார்கள். கடவுள் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார், ஆகவே அந்தக் கூட்டம் உயர்ந்தது என்று எண்ணுகிறார்கள். மறைநூலைப் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்டதன் விளைவாக அந்த மக்கள் தலையில் ஏறியதெல்லாம் கடமைகள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட வேண்டும். கூலியாளின் கூலியை அன்று மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏழாம் நாள் வேலைக்காரனும் அடிமையும் மாடும்கூட ஓய்வெடுக்க வேண்டும். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டில் பெயர் கொடுத்து நின்ற தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்கு, கூலியை இரவு தாண்ட விடாதே என்ற கட்டளையின் எடை விளக்காமலே புரியும்.

ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆடு மேய்த்தவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உங்களை நான் அறிந்துகொண்டதால்தான் உங்கள் குற்றங்களுக்கு உங்களிடம் கணக்குக் கேட்பேன். இந்த வசையைக் கேட்டவர்கள் அதை எரித்துவிடவில்லை. தங்கள் மறைநூலிலேயே சேர்த்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். தன் அரசர்களின் களவையும் தன் மக்களின் துரோகத்தையும் புனித நூலாக வைத்துக்கொண்ட மக்கள் உலகில் குறைவு. வரலாறு எழுதும்போது பெருமைகளை மட்டும் பொறுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடாரம் கொண்டதை மேடைதோறும் பேசுகிறோம்; தோட்டத்து லயக் குடியிருப்பில் நடந்தவற்றைப் பேசத் தயங்குகிறோம்.

மறைநூலின் உபாகமத்தில் இன்னொரு செய்தி உண்டு. அன்று அங்கே நின்றவர்களோடு மட்டுமல்லாமல், அன்று அங்கே இல்லாதவர்களோடும் உடன்படிக்கை செய்யப்படுகிறதாம். பிறக்காத பிள்ளையையும் கையெழுத்துக்காரனாகக் கொள்ளும் பத்திரம் அது. அப்படியானால் அந்தப் பிள்ளைக்குச் செய்தியைக் கொண்டுசேர்ப்பவர் யார்? அதே நூல் விடை தருகிறது. பெற்றவர்கள்தான், வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும். அந்தச் சொற்களைத் தோலில் எழுதிச் சிறு கூட்டுக்குள் வைத்து வாசல் நிலையில் பதிப்பது இன்றும் யூத வீடுகளில் வழக்கம். உள்ளே நுழையும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். நிலைப்படியில் மஞ்சள் பூசி மாவிலை கட்டுகிற நம் தாய்மார்களுக்கு, நம்பிக்கையை வாசலில் வைக்கும் அறிவை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

2. எரிந்த கோயிலும் பதினேழு சேக்கலும்

பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் எருசலேம் மக்களில் ஒரு பகுதியைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான்; கி.மு. 586-ஐ ஒட்டி நகரத்தையே அழித்தான். முதலில் போனவர்களிடம் சில போலித் தீர்க்கதரிசிகள், சீக்கிரமே ஊர் திரும்பலாம், பெட்டியைப் பிரிக்காதீர்கள் என்கிற பாணியில் பேசினார்கள். தீர்க்கதரிசி எரேமியா மாறாக ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலன் இருக்கிறது என்பது அதன் பொருள்.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் பெட்டியைப் பிரிக்காமலே வாழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடலாம், நிலம் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இங்கே ஒரு துண்டு மண்ணும் வாங்காமல் போனவர்கள் அதிகம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுத ஆளில்லை. குடியுரிமை வேண்டுமா என்ற கேள்வி வந்தபோதும் பல குடும்பங்களுக்கு விவரம் சொல்ல ஆளில்லை. அதன் வலியை 1969-க்குப் பிறகு வேலை உரிமம் கேட்டு அலைந்தவர்கள் அறிவார்கள்.

எரேமியா செய்த இன்னொரு காரியம் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக அவரே காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகளைக் கூப்பிட்டுப் பத்திரம் எழுதி முத்திரையிட்டு, நெடுங்காலம் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொல்கிறார். நாளை எதிரி கைக்குப் போகப்போகிற வயல் அது. வாக்கின்மேல் நம்பிக்கை உண்டு என்று வாயால் சொல்வது எளிது. விலை கொடுத்து, ஆவணம் எழுதி, பாதுகாத்து வைத்தால்தான் அது நம்பிக்கை.

1950-களின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே கையெழுத்தில் போயின. அப்போது, 1960-இல், மலாயா இந்தியக் காங்கிரசுத் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, அதாவது மலாயா டாலர். அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாக நேரில் போய், தினக்கூலி வாங்குகிறவர்களிடம், நீங்கள் வெட்டுகிற மரத்தை நீங்களே வாங்க முடியும் என்று சொன்னார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தப் பத்து வெள்ளி அன்றைய பால்வெட்டுக் குடும்பத்துக்கு அரிசியும் பருப்புமாகக் கரைந்திருக்க வேண்டிய காசு. அதை எடுத்து வைத்தவர்கள் ஆனதோத்தில் வயல் வாங்கியவரின் வரிசையில் நிற்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அன்று வாங்காமல் போன தோட்டங்கள் எத்தனையோ. இன்று அங்கே செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டம் நிற்கிறது.

பாபிலோனுக்குப் பிறகு மறுபடி கட்டிய கோயிலை கி.பி. 70-இல் ரோமர்கள் எரித்தார்கள். முற்றுகையிலிருந்த நகரத்திலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற முதிய ஆசானை, இறந்தவர்போல் பாடையில் வைத்து அவருடைய மாணவர்கள் வெளியே தூக்கிச் சென்றதாக, யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முத்தின் மரபு சொல்கிறது. ரோமப் படைத்தலைவன் வெஸ்பாசியனிடம் அவர் கோட்டையைக் கேட்கவில்லை, கோயிலையும் கேட்கவில்லை. யாவ்னே என்ற சிற்றூரையும் அங்கிருந்த அறிஞர்களையும் விட்டுவைக்கக் கேட்டார். பலிபீடம் போன பிறகு சாப்பாட்டு மேசை அதன் இடத்தைப் பிடித்தது. பூசாரி போன பிறகு ஆசிரியர் வந்தார். ஏறக்குறைய கி.பி. 200-இல் யூதா நாசி வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னாவாகத் தொகுத்தார். இன்னும் மூன்று நூற்றாண்டுகளில் பாபிலோன் தால்முத் உருவானது.

3. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்

இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

தால்முத்தில் ஒரு பள்ளிக்கூட வரலாறு இருக்கிறது. முதலில் தகப்பன்தான் பிள்ளைக்குக் கற்பித்தான். தகப்பன் இல்லாத பிள்ளை கல்லாமல் போனது. இதைக் கண்டு எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அதிலும் தகப்பன் இருந்த பிள்ளைதான் கூட்டிச் செல்லப்பட்டது. அநாதை வீட்டிலேயே இருந்தது. பிறகு வட்டாரத்துக்கு ஓர் ஆசிரியரை வைத்து, பதினாறு பதினேழு வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கண்டித்தால் அந்த வயதுப் பையன் முரண்டு பிடித்து எழுந்து போய்விட்டான். கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியர் இருக்க வேண்டும், ஆறு ஏழு வயதிலேயே பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கோயில் எரிவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. கோயில் எரிந்தபோது பள்ளி ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த ராவா என்ற அறிஞர் எண்ணிக்கையையும் வகுத்தார். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். நாற்பது ஆனால் ஓர் உதவியாளரை வைக்க வேண்டும். அவருக்கான செலவில் ஊர் பங்கேற்கும். ஐம்பது ஆனால் இரண்டு ஆசிரியர்கள். கல்வி உயர்ந்தது என்று பாடுவதோடு நிற்காமல், எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், காசு யார் கொடுப்பது என்பது வரை இறங்கி எழுதியிருக்கிறார்கள். உடன்படிக்கை உயிரோடு இருந்தது இந்தக் கணக்கில்தான்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் வந்தது; அதன் ஆவி வரவில்லை. பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையை ஒட்டிய ஒரு கூடம்தான் பள்ளி. கணக்கு எழுதிய கிராணியோ எழுத்தறிந்த கங்காணியோ ஆசிரியர். எல்லா வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். ஆனாலும் அந்தக் கூடங்களில்தான் நம் எழுத்து பிழைத்தது. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530-க்கும் குறைவு. இந்தப் பகாவ் வட்டாரத்திலேயே கெடிஸ், ஜெராம் பாடாங் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்து மக்கள் நகர்ந்த பிறகும் பள்ளியைக் காப்பாற்றுவது எத்தகைய உழைப்பு என்பதை இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

ஆசிரியர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்துக் கைஃபெங் நகரம் சான்று. அங்கே யூதர்கள் 1163-இல் தொழுகைக்கூடம் கட்டியதாக அவர்களே 1489-இல் நட்ட கல்வெட்டு சொல்கிறது. அவர்களை யாரும் கொன்று குவிக்கவில்லை. சேரிக்குள் அடைக்கவில்லை. அரசுத் தேர்வு எழுதி அதிகாரிகளாகவும் உயர்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய கடைசி ரப்பி, அதாவது மத ஆசான், இறந்தபோது, அவருக்குப் பின் எபிரேயம் வாசிக்க ஒருவர்கூட இல்லை. நூற்றாண்டின் நடுவில் வெளியார் போய்ப் பார்த்தபோது தொழுகைக்கூடம் சிதைந்து கிடந்தது. மக்கள் வறுமையில் இருந்தார்கள். 1851-இல் மறைநூலான தோராவின் சுருள்களை விற்றார்கள். எழுநூறு ஆண்டு காத்த மரபின் சுருள், வாசிக்கத் தெரியாத கையில் வெறும் ஆட்டுத்தோலாகிவிட்டது. ஸ்பெயின் 1492-இல் யூதர்களை விரட்டியும் அவர்கள் அழியவில்லை; கைஃபெங் அன்போடு நடத்தியும் அவர்கள் கரைந்தார்கள். நமக்கு வெளியிலிருந்து வரும் தடைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சும் வேண்டும். அதோடு கைஃபெங்கையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பக்கத்து மாநிலமான மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகள் தமிழைப் பேச்சுமொழியாக இழந்து பல தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் பேசுவது மலாய். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலும், மாரியம்மன் திருவிழாவும், முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளும் தவறவில்லை. அவர்களை எளிதாக, தமிழை விட்டவர்கள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் இல்லாத நிலையிலும் நாட்காட்டியையும் அடுப்படியையும் கொண்டு அவர்கள் ஒரு வாக்கைக் காத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரக் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் என்ற யூதரும் அப்படித்தான். நூலும் ரப்பியும் இல்லாத நெடுங்காலத்தில், சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டோம் என்ற ஒரு கடமையை விடாமல் பிடித்திருந்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே ஊர் அவர்களை அழைத்தது. பின்னால் கொச்சியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தபோது, அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு முழு மரபுக்கும் திரும்ப முடிந்தது.

4. கொச்சி: செப்பேடும் பாட்டு நோட்டும் ஒரு கறையும்

யூத வரலாற்றில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் யூத சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினான். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பா யூதர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்த நூற்றாண்டுகளில் நம் மண் அவர்களுக்குக் குடை பிடித்தது. ஆனால் போர்த்துகீசியர் கையில் அவர்கள் இந்தியாவிலும் அடி வாங்கினார்கள். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568-இல் இறந்தார். வெளியில் கிறித்தவராக வாழ்ந்த அவர் உள்ளே யூதராக இருந்தார் என்று முடிவு செய்து, 1580-இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள்.

மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்தை (1568) உலகமே வந்து பார்க்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது கொச்சி யூதப் பெண்களின் கையெழுத்து நோட்டுகள். தோராவை வாசித்தவர்கள் ஆண்கள். ஆனால் மறைநூல் கதைகளையும், தொழுகைக்கூடம் கட்டிய கதையையும், கல்யாணச் சடங்குகளையும் மலையாளப் பாட்டாக்கிப் பாடியவர்கள் பெண்கள். பாட்டுகளை நோட்டில் எழுதித் தாய் மகளுக்குக் கொடுத்தாள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் கூடவே போயின. நெகேவ் பாலைநிலத்து நெவாத்திம் குடியிருப்பில் முதிய பெண்கள் அவற்றைப் பார்த்து மலையாளத்தில் பாடினார்கள். 2005-இல் ஸ்கறியா சக்கரியாவும் ஒபீரா கம்லியேலும் ஒரு தொகுப்பை மலையாளத்திலும் எபிரேயத்திலும் பதிப்பித்தார்கள். நம் தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பாடிய பெண்களின் நோட்டு எங்கே? பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது என்பது உண்மை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்தோம் என்பதும் உண்மை.

கொச்சியின் கதையில் கறையும் உண்டு. பரதேசிகள் எனப்பட்ட வெள்ளை யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று தாங்கள் கருதியவர்களைத் தொழுகைக்கூடத்தில் சமமாக உட்காரவிடவில்லை. தோராவை வாசிக்க அழைக்கவில்லை. ஒரே உடன்படிக்கை, ஒரே நூல்; ஆனாலும் தரையில் உட்கார ஒரு கூட்டம். எகிப்தில் அடிமைகளாக இருந்ததை ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளில் நினைத்தவர்களே இதைச் செய்தார்கள். ஏ.பி. சேலம் (1882–1967) அந்தத் தரைக்கூட்டத்திலிருந்து படித்து வழக்கறிஞரானவர். காந்தியடிகளின் வழியைத் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சத்தியாக்கிரகம் செய்தார். அவர் மரபை விட்டு வெளியேறவில்லை. உடன்படிக்கையை நினைவூட்டியே போராடினார். தடைகள் மெல்ல விலகின. விலகி முடிவதற்குள் சமூகமே குடிபெயர்ந்துகொண்டிருந்தது.

லயங்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்து, கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த உபயம் என்பதிலும் சாதியை நுழைத்தவர்கள் நாம். ஒரே கப்பலில் வந்து, ஒரே கங்காணியிடம் கடன்பட்டு, ஒரே மலேரியாவில் விழுந்தவர்களுக்குள் அந்தக் கோடு நீடித்தது. இன்று தோட்டம் போய்விட்டது. கல்யாணப் பேச்சில் அந்தக் கோடு இன்னும் எட்டிப் பார்க்கிறது. சேலத்தின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும்.

5. அந்நியன்

யூத மறையில் திரும்பத் திரும்ப வரும் கட்டளை ஒன்று: அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீயும் அந்நியனாக இருந்தாய். பட்ட துன்பத்தை அந்த நூல் பெருமையாக்கவில்லை, பழிவாங்கும் உரிமையாகவும் ஆக்கவில்லை. அதைக் கடமையாக மாற்றியது. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பேரழிவிலிருந்து நான் பாடம் எதையும் பிழிந்தெடுக்கப் போவதில்லை. அது துக்கத்துக்கு உரியது. ஆனால் அந்நியனைப் பற்றிய கட்டளை அளவுகோலாக இன்றும் நிற்கிறது. அதை இஸ்ரேல் அரசின் முன்னும் வைக்க வேண்டும். பாலஸ்தீன மக்களின் வீட்டையும் உயிரையும் பற்றிக் கேட்க வேண்டும். யூதர்களுக்குள்ளேயே அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆமோஸின் பிள்ளைகள் அவர்கள்.

அதே அளவுகோல் நம்மிடமும் வரும். நம் பாட்டன் படுத்த லயத்தில் இன்று படுத்திருப்பவர் யார்? வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியர், நேபாளி. முகவரிடம் கடன்பட்டு வந்து, கடவுச்சீட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கூலியில் பிடித்தம் போக மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறார். கங்காணிக் கடனை நம் குடும்பத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறோம்? நம்மவர்களில் அவர்களைப் பற்றி இழிவாகப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. தண்டல்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் நம் பிள்ளைகள் இருக்கும் இடங்களில், கூலி அன்றைக்கே சேர்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கையில் இருக்கிறது.

6. பத்துப் பேர், பிறகு பெயர்கள்

யூதர்கள் கூட்டு வழிபாடு நடத்தப் பத்துப் பேர் வேண்டும். பினாங்கில், நாகூர் சாலையில், 1929-இல் திறந்த ஒரு தொழுகைக்கூடம் இருந்தது. பத்துப் பேர் சேராமல் போனதால் 1976-இல் அதை மூடினார்கள். பழைய யூதர் சாலையில் கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. இருந்தாலும் அங்கே புதைந்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது; யாரேனும் போய் வாசிக்க முடியும்.

எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம், கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் என்று பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவருகிறது. பெயர், ஊர், பெற்றோர், தொழில், இறந்த இடம். உறவினரோ அண்டை வீட்டாரோ நிரப்பித் தரலாம். லட்சக்கணக்கான தாள்கள். கொன்றவர்கள் எண்ணாக்கியவர்களை, தாள் தாளாகப் பெயராக்குகிறார்கள்.

பகாவ் இந்த வேலையைச் செய்யக் கடன்பட்ட ஊர். ஜப்பானியர் காலத்தில், 1943-இன் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து யூரேசியக் கத்தோலிக்கர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் இந்தப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஃபூஜி கிராமம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். செழிப்பான நிலம் என்று கேட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது காடும் மலேரியாவும். அவர்களோடு வந்த பிஷப் ஏட்ரியன் தெவால்ஸ் தாமே சங்கோல் பிடித்து மண் வெட்டினார். காலில் பட்ட காயத்தால் தசைவிறைப்பு ஏற்பட்டு 1945 ஜனவரியில் இறந்தார். நூற்றுக்கணக்கான குடியேறிகள் இங்கே மடிந்தார்கள். அவர்களுடைய வழிவந்தோர் எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். அதனால்தான் நாம் அறிகிறோம்.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து), 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் செத்தவர்களைப் பாதையோரக் குழிகளில் தள்ளினார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு அங்கே காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்ற ஒரு வரியோடு எத்தனையோ குடும்பங்களில் கதை நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைச் சொல்லத் தெரிந்தவர்களும் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோளை எழுத்தாகவும் கொடுத்திருக்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்காக ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒரு படிவம் அச்சடிக்கச் செலவிடுங்கள். ஒரு பக்கம் போதும்: சயாமுக்குப் போனவர் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், தமிழ்நாட்டில் எந்த ஊர், யாரோடு போனார், யார் திரும்பிவந்து செய்தி சொன்னார், சொல்கிறவர் யார். தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தங்கள் கையெழுத்தில் நிரப்பட்டும். தெரியாத இடம் வெறுமையாக இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து ஒன்றைப் பள்ளியிலும், ஒன்றைக் கோயில் அலுவலகத்திலும், ஒன்றை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலும் வைக்கலாம். அந்தத் துறையின் தமிழ் நூலகத்துக்காகப் பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி 1950-களில் நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. அங்கே ஒரு அலமாரி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. முதல் படிவத்தை இந்த அரங்கிலேயே நிரப்பலாம். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இங்கே இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் வாசலருகே உள்ள மேசைக்கு வாருங்கள். நானும் ஆசிரியர்கள் இருவரும் பேனாவோடு அங்கே இருப்போம்.